இஃப்ராவின் குரலில்

சண்முகவள்ளி டீச்சருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. எந்தப் பிள்ளையின் பேச்சையும் இரண்டு நாள் காதில் வாங்கினால் போதும், அதே குரலில் பேசிவிடுவாள். காலையில் பெயர் கூப்பிடும்போதே அது ஆரம்பித்துவிடும். தனுஷ் மூக்கால் பேசுகிறவன். அவன் பெயரை மூக்காலேயே கூப்பிடுவாள். மாஷிதா எந்த வார்த்தையையும் இழுத்துத்தான் முடிப்பாள். அவள் பெயருக்கும் ஒரு வால் முளைக்கும். மூன்றாம் வகுப்பு காலையில் சிரித்துக்கொண்டேதான் உட்காரும். கதை சொன்னால் நரிக்கு ஒரு குரல், நண்டுக்கு ஒரு குரல். படிப்பு ஏறாத பிள்ளைகூட அவள் வகுப்புக்கு லீவு போடாது.

பள்ளிக்கூடம் உச்சிப்புளியிலிருந்து தெற்கே, கடலை ஒட்டிய ஊரில் இருந்தது. பாதிப் பிள்ளைகள் கடற்கரைத் தெருவிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய வாப்பாமார் பெரும்பாலும் சவுதியிலும் துபாயிலும் இருந்தார்கள். மீதிப் பாதி உள்ளே தள்ளியிருந்த விவசாயக் குடிகளின் பிள்ளைகள். சண்முகவள்ளிக்குச் சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். வேலைக்காக இராமநாதபுரத்தில் குடியிருந்து, தினமும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்துபோனாள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த எத்தனையோ பிள்ளைகளை வாசிக்க வைத்து அனுப்பியவள். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

போனுக்குத்தான் தெரியவில்லை.

பிள்ளைகள் வாசிப்பதைப் போனே கேட்டு மதிப்பெண் போடும் ஆப் ஒன்று வந்திருந்தது. திரையில் ஐந்து வரி வரும். பிள்ளை அதை வாசிக்க வேண்டும். தடங்கலில்லாமல் வாசித்தால் கைதட்டும் சத்தமும் ஒரு பச்சை நட்சத்திரமும் வரும், திக்கினால் சிவப்பு. போன பருவத்தில் சண்முகவள்ளி எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துவிட்டாள். ஆனால் கடைசியில் 'அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருப்பதைக் கவனிக்கவில்லை. இராமநாதபுரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பெரிய திரையில் பட்டியலைப் போட்டபோது அவள் பெயருக்கு நேரே பூஜ்யம், அதுவும் சிவப்பில். பின்வரிசையிலிருந்து யாரோ, "அக்கா இன்னும் சிலேட்டுலதான் இருக்காக போல" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்து வைத்தாள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் உச்சந்தலைவரை எரிந்தது.

அதன்பிறகு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் போனை எடுத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துப் பழகினாள். இந்தப் பருவம் தன் பெயருக்கு நேரே ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது என்று மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

கடைசி நாள் வந்தது. அவள் போனுக்கு வகுப்பறைக்குள் சிக்னல் எடுக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். அங்கே பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிப் போய் வாசிக்க வைத்தாள். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. உச்சிப்புளிக் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் ஏறும்போதெல்லாம் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியாக இஃப்ரா வந்தாள்.

சின்ன உருவம், அதைவிடச் சின்னக் குரல். இஃப்ராவுக்கு எழுத்துகள் தெரியும். ஆனால் சேர்க்கத் தெரியாது. 'ஆ', அப்புறம் ஒரு மூச்சு, 'டு', அப்புறம் ஒரு மூச்சு. இரண்டையும் சேர்த்தால் ஆடு என்று அவள் மனசில் விழுவதற்குள் போன் பொறுமை இழந்துவிட்டது. 'குரல் சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் முயலவும்.' இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவைதான் கடைசி; அதிலும் போனால் சிவப்பு விழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் போனது. சண்முகவள்ளி அதைப் பிடித்துக்கொண்டாள். விமானச் சத்தத்தில்தான் போனுக்குக் காது கேட்கவில்லை, பிள்ளை வாசித்தது கேட்டிருந்தால் நட்சத்திரம் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. சத்தம் அடங்கியதும் பொத்தானை அழுத்தினாள். போனை வாய்ப்பக்கம் கொண்டுபோய், இஃப்ராவின் குரலில் ஐந்து வரியையும் வாசித்தாள்.

"குட்டி ஆடு வேலியைத் தாண்டியது. அம்மா ஆடு தேடியது..."

எங்கே மெல்லப் பேசுவாள், எங்கே மூச்சு வாங்குவாள் என்று எல்லாமே அச்சாக இஃப்ராதான். போன் கைதட்டியது. பச்சை நட்சத்திரம் சுற்றிச் சுற்றி வந்தது.

இஃப்ரா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நானா டீச்சர்?"

"ஆமா தாயி, நீதான்" என்று சண்முகவள்ளி 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பருவம் அவள் பெயருக்கு நேரே முழுக்கப் பச்சை. தலைமை ஆசிரியர் இமானுவேல் அதைப் படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டார். அதற்கு நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. சிலேட்டு என்று சிரித்த ஆளும் அதில் ஒன்று போட்டிருக்கக்கூடும்.

சிவப்பு வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் சாயங்காலம் தனி வாசிப்பு வகுப்பு. இந்தப் பருவத்திலிருந்து பட்டியலை ஆப்பே எடுத்துக் கொடுத்துவிடும். போன பருவம் வரை அந்த வகுப்பில் முன்னால் உட்கார்ந்திருந்த இஃப்ராவின் பெயர் இந்தத் தடவை பட்டியலில் இல்லை. நாலு மணி அடித்ததும் அவள் பையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஓடினாள். வாசலில் நின்று அதைப் பார்த்த சண்முகவள்ளிக்கு என்னவோபோல் இருந்தது. நாளைக்குத் தானே தனியாக உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஆசிரியர் கூட்டம், அதற்கடுத்து விளையாட்டு விழா ஒத்திகை, அப்புறம் பஸ். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இஃப்ராவின் தாய் காலிதா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு நாள் பூராவும் கிண்டினால்தான் அந்தப் பதம் வரும். பிள்ளை நன்றாக வாசிக்கிறாள் என்று போனில் நட்சத்திரத்தோடு செய்தி வந்ததாம். சவுதியில் இருக்கிற ஷாகிருக்கு அனுப்பினாளாம். அவர் அதை டிபியாகவே வைத்துவிட்டாராம். தம்மாமில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு வேலை. ரூமில் இருக்கிற எல்லோரிடமும் காட்டி, என் மகள் வாசிக்கிறாள், என் மகள் வாசிக்கிறாள் என்று சொல்லி மாய்கிறாராம். எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர் என்று காலிதா டப்பாவை நீட்டினாள்.

அவள் முன்னாலேயே ஒரு துண்டு எடுத்து வாயில் போட வேண்டியிருந்தது. சாதாரணமாகவே தொதல் பல்லில் ஒட்டும். அன்றைக்குத் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயும் திறந்தது. ஆனால் வந்தது, "ரொம்ப நல்லா இருக்கு" என்பதுதான்.

காலிதா அடுத்த தடவை வந்தபோது கையில் டப்பா இல்லை. முகமும் சரியில்லை.

ஷாகிர் இதுவரை மகளுக்குப் பேசித்தான் அனுப்புவாராம். தினமும் டூட்டி முடிந்ததும் ஒரு வாய்ஸ். இஃப்ராவும் பதிலுக்கு, பூனை குட்டி போட்டதிலிருந்து மாஷிதா அவளைக் கிள்ளியது வரைக்கும் பேசி அனுப்புவாள். நட்சத்திரம் வந்த பிறகு அவர் பேசி அனுப்புவதை நிறுத்திவிட்டார். என் மகளுக்கு வாசிக்கத் தெரியும், இனிமேல் அவளுக்கு எழுதித்தான் அனுப்புவேன் என்றார். ஐந்தாவது வரைக்கும் படித்தவர். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி அனுப்புகிறார். காலிதா அதை வாசித்துக் காட்டக் கூடாது, பிள்ளையே வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இஃப்ரா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகிறாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, படிச்சுட்டேன் என்கிறாள். ஆனால் பதில் அனுப்புவதில்லை. வாப்பா என்ன எழுதியிருக்காக என்று கேட்டால் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாரேன்னு சொல்லிட்டு வரலையா, அதான் புள்ள கோவமா இருக்குன்னு அவுக நெனைக்கிறாக" என்றாள் காலிதா. "நேத்துப் போன்ல கொரலு கம்மிப் போச்சு அவுகளுக்கு. நீங்க சொன்னா கேப்பா டீச்சர். ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்வதாகச் சண்முகவள்ளி தலையாட்டினாள். காலிதா புர்காவைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் தாண்டும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள். யாரிடம் என்ன சொல்வது? பிள்ளை கோபத்தில் இல்லை. போனை வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்து, வாப்பா எழுதிய எழுத்துகளை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இ தெரிகிறது, வா தெரிகிறது. வாப்பா மட்டும் தெரியவில்லை.

அன்றைக்கே இமானுவேல் சாரிடம் போனாள். விமானச் சத்தம் என்று ஆரம்பித்து, அதை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கொஞ்சம் முன்னப்பின்னத்தான் நடக்கிறது என்றார். அடுத்த பருவத்தில் உண்மையான மார்க்கைப் போட்டுக்கொள்ளலாம், இப்போது பட்டியலைத் திருத்த வேண்டுமென்றால் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத வேண்டும், ஏன் என்று கேட்பார்கள், உங்கள் சர்வீஸ் புத்தகம் வரைக்கும் போகும் என்றார். சண்முகவள்ளி நகராமல் நின்றதைப் பார்த்து, கொஞ்சம் சிரித்தபடியே,

"மிஷினே பாஸ் போட்டுருச்சு டீச்சர். நீங்க யாரு பெயில் போட?" என்றார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. அடுத்த பருவம் என்பது தூரத்தில் இல்லை, அதுவரை பிள்ளைக்கு நாமே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுசெய்துகொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும்போது இஃப்ராவின் பெயர் வந்ததும் தன் சொந்தக் குரலில் கூப்பிட்டாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. என்ன டீச்சர், மறந்துட்டீங்களா என்று தனுஷ் கேட்டான். தொண்டை சரியில்லை என்றாள்.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு மணிக்கு இஃப்ரா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். மற்ற பிள்ளைகள் தட்டோடு வெளியே போய்விட்டார்கள். அவள் சட்டைக்குள்ளிருந்து காலிதாவின் போனை எடுத்தாள். உம்மா குளிக்கப் போனபோது எடுத்து வந்தாளாம். திரையைத் திறந்து, வாப்பாவின் பெயரைத் தொட்டு, டீச்சர் கையில் கொடுத்தாள்.

திரை முழுக்க ஷாகிர் எழுதியிருந்தார். பத்துப் பன்னிரண்டு செய்திகள். கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி வைக்க மறந்து, ஆனால் ஒரு வார்த்தையைக்கூடச் சுருக்காமல் எழுதியிருந்தார். முதல் செய்தி 'இஃப்ரா மா வாப்பா நல்லா இருக்கேன்' என்று தொடங்கியது. நடுவில் ஒன்றில், குளிர்க் கிடங்கை விட்டு வெளியே வந்தால் வெயில் எப்படி அடிக்கும் என்று எழுதியிருந்தார். அடுத்ததில், வரும்போது என்ன வாங்கி வர என்று கேட்டிருந்தார். அதற்கு அடுத்ததிலும் அதையேதான் கேட்டிருந்தார். பிறகு 'வாப்பா மேல் கோவமா'. கடைசியாக முந்தின நாள் வந்தது: 'பதில் வேண்டாம் மா இந்த வாப்பா எழுதியதை ஒரே ஒரு தடவை வாசித்துப் பேசி அனுப்பு நீ வாசிக்கிறதைக் கேட்டால் போதும்.'

"உம்மா நேத்துச் சொல்லிட்டாக. வாப்பா எழுதுனத வாசிச்சு அனுப்பணுமாம்" என்றாள் இஃப்ரா. டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு மாதிரி பேசுங்க டீச்சர். நான் சத்தம் போடாம நிக்கிறேன்" என்றாள்.

சொன்னபடியே வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற அதே நிற்பு. வாசிப்பு என்றால் இப்படித்தான் என்று பிள்ளை படித்து வைத்திருந்தது. அவள் நிற்க வேண்டும், டீச்சர் அவள் குரலில் பேச வேண்டும், போன் கைதட்டும். இத்தனை வருடப் பாடத்தில் இவ்வளவு சுளுவாக ஒரு பிள்ளை மனசில் ஏறியது இது ஒன்றுதான்.

சண்முகவள்ளி பேசும் பொத்தானில் விரலை வைத்தாள். தொண்டை தானாகவே மெலிந்துகொண்டு மேலே ஏறியது. 'இஃப்ரா மா' என்று தொடங்கினால் போதும், தம்மாமில் ஒரு மனிதன் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான். காலிதா இன்னொரு டப்பா கொண்டுவருவாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நாளைக்கு இன்னொரு செய்தி வரும். அதற்கும் இவள் வாசிப்பாள். அடுத்த வருடம் இந்தப் பிள்ளை நாலாம் வகுப்பில், வேறு டீச்சருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

விரலை அழுத்தினாள். தன் குரலில் பேசினாள்.

"தம்பி, நான் இஃப்ரா டீச்சர் சண்முகவள்ளி பேசுறேன். புள்ள உங்க மேல கோவமா இல்ல. நீங்க எழுதுன எதையும் அவளால படிக்க முடியல. அவளுக்கு இன்னும் வாசிக்க வரல. உங்களுக்கு வந்த நட்சத்திரம் அவ வாங்குனது இல்ல. அவ கொரல்ல நான்தான் போன்ல வாசிச்சேன். என் பேரு பட்டியல்ல செவப்புல வரக் கூடாதுன்னு பண்ணிட்டேன். புள்ள மேல தப்பே இல்ல."

விரலை எடுத்ததும் செய்தி போய்விட்டது. திரும்பிப் பார்த்தாள். இஃப்ராவின் முகம் சுருங்கியிருந்தது. டீச்சர் தன்னைக் காப்பாற்றினாள் என்று எந்தப் பிள்ளைக்குத்தான் தோன்றும்? வாப்பாவிடம் மாட்டிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றும்.

"அது நான்தான்னு சொன்னீங்கல்ல டீச்சர்" என்றாள். போனைப் பிடுங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை என்று சமையல்கார அம்மா பிறகு வந்து சொன்னாள்.

சாயங்காலம் சண்முகவள்ளி ஒன்றிய அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி, இமானுவேல் சாரின் மேசையில் வைத்தாள். அவர் வாசித்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

மறுநாள் இஃப்ரா வரவில்லை. காலிதாதான் வந்தாள். வகுப்பு வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தொதல் கிண்டிக் கொண்டாந்தேனே டீச்சர்" என்றாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல."

ஷாகிர் என்ன சொன்னார் என்று மட்டும் சண்முகவள்ளி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. டிபிய எடுத்துட்டாக." காலிதா தரையைப் பார்த்தாள். முந்தின ராத்திரி மகளுக்குப் பழையபடி பேசி அனுப்பினாராம், மகளும் அழுதுகொண்டே பேசினாளாம், வெள்ளைக் காலணி வேண்டும் என்றாளாம். "ஆனா எழுதி அனுப்புனத யாரும் வாசிச்சுக் காட்டக் கூடாதுன்னுட்டாக. எப்ப ஆனாலும் அவளேதான் வாசிக்கணுமாம். அது உங்க பொறுப்புன்னு சொல்லச் சொன்னாக."

அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். சொன்னதும் போய்விட்டாள்.

திங்கட்கிழமை இஃப்ரா வந்தாள். பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டபோது தலையைத் தூக்காமலே உள்ளேன் என்றாள். நாலு மணி அடித்த பிறகு, சண்முகவள்ளி அவளைப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். காலிதா போனைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். முதல் செய்தியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். நாலரை மணி பஸ் போய்விடும், போகட்டும்.

இஃப்ரா வெகுநேரம் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு விரலை எடுத்து முதல் எழுத்தின் மேல் வைத்தாள்.

"இ..." ஒரு மூச்சு. விரல் நகர்ந்து மூன்று புள்ளியின் மேல் வந்தது. அதைப் பார்த்ததும் புருவம் ஏறியது. வகுப்பில் வேறு யார் பெயரிலும் இல்லாத எழுத்து அது. "இஃப்ரா." சடாரென்று நிமிர்ந்தாள். அடுத்ததைப் பார்த்தாள். "மா."

அதற்கடுத்த வார்த்தையில் விரல் நின்றது. "வா..." என்றாள். மூச்சு வாங்கினாள். அடுத்த எழுத்தின் மேல் விரல் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. பிறகு அந்தப் பழைய பழக்கம். வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து டீச்சரின் வாயைப் பார்த்தாள்.

சண்முகவள்ளியின் தொண்டையில் அந்த வார்த்தை முழுசாக, பிள்ளையின் குரலிலேயே தயாராக இருந்தது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வடக்கே ஒரு விமானம் ஏறி, சத்தம் கூரையை உலுக்கிவிட்டுப் போனது. அது அடங்குகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

இஃப்ரா இன்னும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளி வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்தக் கண்கள் கோபத்தோடு கீழே இறங்கித் திரைக்குத் திரும்பின. விரல் மறுபடியும் முதல் எழுத்துக்கு வந்தது.

"வா..."